அப்பப்பாவின் கடற்படை இலக்கம்

வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதில் ஒருவர் இருந்து, அவர் பழைய அரச உத்தியோகத்தராகவோ படையில் இருந்தவராகவோ இருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். எனக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஆள் இருக்கவில்லை. என் அப்பப்பா கடற்படையில் 22 வருடம் இருந்தவர். 2023இல், 91 வயதில், முத்தையன்கட்டு வீட்டில் நித்திரையோடு போய்விட்டார். நல்ல சாவு என்று செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு நல்ல சாவுதான். எனக்குத்தான் அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அலைச்சல். அப்பா உயிரோடு இல்லை. சித்தப்பா கனடாவில். அப்பாவோடு கூடப்பிறந்த மாமி புதுக்குடியிருப்பில் இருந்தாலும் முழங்கால் வருத்தக்காரி, பஸ் ஏற முடியாது. நான் ஒரு கடையில் கணக்கெழுதுகிறவள். லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் இல்லை. இந்த நிலையில்தான் பதிவாளர், பிரதேச செயலகம், வங்கி, அச்சகம் என்று தனியாகத் திரிந்தேன்.

முதல் சிக்கல் காடாத்து (சாம்பல் அள்ளும் சடங்கு) முடிந்த கையோடு வந்தது. ஒருவர் வீட்டில் இயற்கையாக இறந்தால் கிராம சேவகரிடம் அறிவித்து, அவர் தரும் அறிக்கையோடு இறப்புப் பதிவாளரிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்குள் பதிந்துவிட்டால் லேசு. பிந்தினால் அது வேறு படிவம், வேறு அலுவலகம். அதனால் நான் உடனேயே போய்விட்டேன். பதிவாளர் நல்ல மனிதர். அடையாள அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, கூடக் கொண்டுபோன பென்சன் அட்டையையும் பார்த்தார். "பிள்ளை, இது ரெண்டும் ரெண்டு ஆக்களின்ர பெயர் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அப்போதுதான் எனக்கே விளங்கியது. கடற்படையில் சேரும்போது தகப்பன் பெயர் முழுதாகவும் அவருடைய சொந்தப் பெயர் சுருக்கமாகவும் இங்கிலிசில் ஏறியிருக்கிறது. பழைய அடையாள அட்டை 2009இல் கடைசிச் சண்டையின்போது மாத்தளனில் தொலைந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் புதிது எடுத்தபோது, கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் வாயால் சொன்ன விவரத்தில், ஊரில் கூப்பிடுகிற பெயர் அதில் ஏறிவிட்டது. பிறந்த வருடமும் 1932க்குப் பதிலாக 1934. வன்னியில் இப்படி இரண்டு பெயர், இரண்டு பிறந்தநாளோடு இருக்கிற முதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஆகவே முதல் புத்திமதி இதுதான். பதிவாளரிடம் போவதற்கு முன் அடையாள அட்டை, பென்சன் அட்டை, வங்கிப் புத்தகம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு மேசையில் வரிசையாக வைத்து, பெயரையும் திகதியையும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால், எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். ஆள் உயிரோடு இருக்கும்போதே அவர் கையெழுத்தில் அதை முடித்துவிட்டால் அதைவிடப் பெரிய உதவி குடும்பத்துக்கு இல்லை. இறந்த பிறகு அதே விஷயத்துக்கு மனைவி, பிள்ளை, ஊர்ப் பெரியவர் என்று மூன்று பேரின் கையெழுத்துக்கு நான் அலைந்தேன். இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு தடவை ஏறிய பெயரை மாற்றுவது சின்ன வேலை இல்லை. உறுதிப்படுத்திய பிரதிகளும் கையோடு அஞ்சாறு எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒன்றைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

பென்சன் காசைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பப்பா இறந்த செய்தி பிரதேச செயலகத்துப் பென்சன் பிரிவுக்குப் போவதற்கு முன் அடுத்த மாதப் பணமும் கணக்கில் விழுந்துவிட்டது. செத்தவீட்டுச் செலவுக்கு என்று சொந்தக்காரப் பெடியன் ஒருவன் ஏரிஎம் அட்டையைக் கொண்டுபோய் எடுத்துவிட்டான். அவனும் நல்லெண்ணத்தில்தான் செய்தான். ஆனால் இறந்த திகதிக்குப் பிறகு வருகிற பென்சன் குடும்பத்தின் காசு இல்லை, அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டியது. பிறகு அப்பம்மாவுக்கு வந்த நிலுவையில் அதைக் கழித்துக்கொண்டார்கள். அது மட்டும் என்றால் பரவாயில்லை, "இறந்த பிறகு ஆர் எடுத்தது?" என்ற கேள்விக்கு நான் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டி வந்ததுதான் பெரிய அவமானமாக இருந்தது. சாவு நடந்த அன்றே அட்டையை எடுத்து ஒருவரிடம் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

இனி கல்வெட்டுக் கதை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்தன்று, இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, மனைவி மக்கள் புலம்பல், வம்சாவளி, தேவார திருவாசகம் எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பது வழக்கம். அதைத்தான் கல்வெட்டு என்போம். பாட்டு எழுதித் தர முள்ளியவளையில் ஒரு பண்டிதர் இருக்கிறார். அவர் ஒரு பட்டியல் தந்தார்: பிறந்த நாள், பெற்றோர், உடன்பிறந்தோர், கலியாணம், தொழில், பிள்ளைகள், மருமக்கள், பேரர், பூட்டர், இறந்த திதி. மருமக்களின் பெயர் ஒன்று விடுபட்டால் அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் முகம் பார்க்காது என்றும் எச்சரித்தார். பெயர்களை எப்படியோ சேர்த்துவிட்டேன். "தொழில்" என்ற ஒரு சொல்லுக்கு நேரே என்ன எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். கடற்படை என்று தெரியும். எந்தக் கப்பல், என்ன வேலை, எந்த ஆண்டு, ஒன்றும் தெரியாது. அப்பப்பா அதைப் பற்றி எங்களிடம் வாய் திறந்ததே இல்லை.

சித்தப்பாவுக்குத் தெரியும் என்றார்கள். அவர் வைபரில் மணிக்கணக்காகச் சொன்னார். அப்பப்பா இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரனோடு நின்று சண்டை பிடித்தவராம், கப்பலில் பெரிய பீரங்கிக்காரராம், உடுப்பைப் பார்த்தால் ஒபிசர் என்று விளங்குமாம். கூடவே ஒரு படமும் அனுப்பினார். வெள்ளை உடுப்பு, முன்பக்கம் விளிம்பு வைத்த தொப்பி, மெலிந்த முகம். இந்தப் படம் மிஞ்சியதற்குக் காரணமே சித்தப்பா தொண்ணூறுகளில் கனடா போகும்போது கொண்டுபோனதுதான். இங்கே இருந்ததெல்லாம் ஒவ்வொரு இடப்பெயர்விலும் போய்விட்டது. படத்தைப் பார்த்து நான் அழுதேன். ஆனால் கணக்கெழுதுகிறவளுக்கு வருடம் இடறியது. 1932இல் பிறந்தவருக்கு 1945இல் போர் முடியும்போது 13 வயது. எப்படிச் சண்டை பிடித்திருப்பார்? சித்தப்பாவிடம் சொன்னேன். "நீ பிறக்க முந்தியே எனக்கு ஐயா சொன்ன கதையடி இது" என்று கோபித்துக்கொண்டார். காசு அவருடையது. அச்சகத்துக்கு அவரே நேராக விவரம் அனுப்பினார். அப்படியே அச்சாகியும் வந்துவிட்டது.

குடும்பக் கதைகளைப் பழிக்கவில்லை. ஆனால் அச்சடிக்கும் முன் பிறந்த ஆண்டைப் பக்கத்தில் வைத்து ஒரு கழித்தல் கணக்குப் போட்டாலே பாதிப் பிழை பிடிபடும். அடுத்த பாதிக்கு நாட்டு வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். றோயல் சிலோன் நேவி தொடங்கியது 1950 டிசம்பர் 9ஆம் திகதி. அதற்கு முன் இருந்தது தொண்டர் கடற்படை. உலகப் போரின்போது இலங்கைக்கு இருந்த கடற்படை அதுதான். திருகோணமலைத் தளமே 1957 வரை பிரித்தானியரின் கையில் இருந்தது. நாடு 1972 மே மாதம் குடியரசான பிறகுதான் ஸ்ரீலங்கா கடற்படை என்ற பெயர் வந்தது. ஆகவே 1952இல் சேர்ந்து 1974இல் வந்த ஒருவர் இரண்டு பெயரிலும் வேலை செய்திருக்கிறார். "1952இல் ஸ்ரீலங்கா கடற்படையில் இணைந்து" என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் முதல் வரியிலேயே சிரிப்பார்.

கல்வெட்டு வந்து இறங்கிய அன்று அப்பம்மா கட்டிலில் இருந்தார். "துக்கத்தில் கிடக்கிற மனுசியை ஒன்றும் கேட்டு அலுப்புக் குடுக்காதேங்கோ" என்று செத்தவீட்டு நாளில் இருந்தே பெரியவர்கள் சொல்லி வைத்திருந்ததால், வாழ்க்கை வரலாறு பற்றி அவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண் தெளிவில்லாதவர், அதனால் நான் வாசித்துக் காட்டினேன். உலகப் போர் வந்ததும் முகத்தைச் சுளித்தார். பீரங்கி வந்ததும் எழும்பி இருந்துவிட்டார். "அவர் எங்கையடி பிள்ளை சுட்டவர்? அவர் சோறு காய்ச்சினவர்." எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "கப்பல்ல குக்கு. நூறு பேருக்கு மேல. கப்பல் ஆடேக்க கஞ்சி வடிச்சுக் கால் வெந்த தழும்பு கணுக்கால்ல கிடந்ததே, நீ பாக்கேல்லையே?" பார்த்திருக்கிறேன். ஷெல் காயம் என்று நினைத்திருந்தேன். பிறகு திருகோணமலையில் இருக்கிற பழைய கடற்படைக்காரர் ஒருவரிடம் படத்தை அனுப்பிக் கேட்டபோது, பிரித்தானிய வழக்கப்படி சமையல், கணக்கெழுத்து போன்ற பிரிவுக்காரருக்குத் தளர்ந்த மாலுமி உடுப்பு இல்லை, விளிம்புத் தொப்பியும் கழுத்துப்பட்டியும்தான் என்று சொன்னார். அதைப் பார்த்துத்தான் சித்தப்பா ஒபிசர் என்று நினைத்திருக்கிறார். பழைய படம் ஒன்று கிடைத்தால் தொப்பி, கைப்பட்டை, தோள் அடையாளம் எல்லாவற்றையும் பெருப்பித்துப் பார்த்து, அந்தத் துறையில் இருந்த ஒருவரிடம் காட்டுங்கள். சொந்தக்காரரின் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

வாழ்க்கை வரலாறு இருந்த நாலு பக்கத்தையும் திரும்ப அடித்துக் கட்ட 18,000 ரூபாய் ஆனது. சித்தப்பா இரண்டு நாள் கதைக்கவில்லை. ஆனால் அந்த இரவு அப்பம்மா சொன்னவற்றை போனில் பதிந்தேன், அதற்கு விலை இல்லை. வயலைத் தவிர வேறொன்றும் தெரியாத முள்ளியவளைப் பொடியனைக் கடற்படைக்கு எடுத்து, முதலில் கொண்டுபோனது கடலே இல்லாத தியத்தலாவை மலைக்காம். ரங்கல்ல என்ற பயிற்சித் தளம் அப்போது அங்கேதான் இருந்தது. குளிரில் அழுதேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு திருகோணமலை. கலியாணம் 1960 ஆவணியில். அப்போது அவர் 'கஜபாகு' என்ற கப்பலில். அந்தக் கப்பலும் 'மகாசேன'வும் கனடாவில் கட்டி, இஸ்ரேலிடம் இருந்து 1959இல் வாங்கியவை. அப்பம்மாவுக்கு இஸ்ரேல் எல்லாம் தெரியாது, "வெளிநாட்டில இருந்து வந்த பழைய கப்பல், அடுப்பு மட்டும் திறம்" என்றுதான் சொன்னார். கடற்படைக்கே தமிழர் ஒருவர் தலைவராக இருந்த காலம் அது. 1960 முதல் 1970 வரை றியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர். "கதிர்காமர் ஐயா சாப்பாட்டு மேசைக்கு வந்தால் இவர் சட்டையைத் திருப்பிப் போடுவார்" என்று அப்பம்மா சிரித்தார். என் வயதுக்காரர் பலருக்கு இப்படி ஒருவர் இருந்ததே தெரியாது.

வயதானவர்களிடம் "எந்த வருசம்?" என்று கேட்டால் விழிப்பார்கள். "அந்தப் புயலுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள். எங்களுக்குக் கைகொடுத்தது 1957 மார்கழி வெள்ளமும் 1964 மார்கழிப் புயலும். அந்தப் புயல்தான் தனுஷ்கோடியை அழித்தது. திருகோணமலை, வவுனியா, மன்னார் பக்கமெல்லாம் அடித்துக்கொண்டு போனது. அப்போது அப்பம்மா மாமியை வயிற்றில் சுமந்துகொண்டு முள்ளியவளையில். அப்பப்பா கடலில். கிழமைக்கணக்கில் தகவல் இல்லை. மாமி 1965 தையில் பிறந்தார் என்பது பிறப்புப் பத்திரத்தோடு பொருந்தியது, ஆக அவர் அந்த ஆண்டு கப்பலில்தான் இருந்தார் என்று உறுதியாக எழுத முடிந்தது. இப்படி வெள்ளம், புயல், சிறிமா காலத்துப் பாண் வரிசை, 1974இல் மிளகாய் விலை என்று ஒவ்வொன்றாகக் கொக்கி போட்டுத்தான் முழு வாழ்க்கையையும் வரிசைப்படுத்தினேன். ஒரே இருப்பில் செய்யாதீர்கள். அரைமணி நேரம், அதுவும் காலமையில், தேத்தண்ணிக்குப் பிறகு.

மிளகாய் என்றதும் ஒரு விஷயம். அவர் பென்சனோடு வந்தது நல்ல நேரத்தில். இறக்குமதியைத் தடுத்திருந்த எழுபதுகளில் வன்னியில் மிளகாயும் வெங்காயமும் போட்டவர்கள் நிமிர்ந்தார்கள். முத்தையன்கட்டுக் குளத் திட்டத்தில் காணி எடுத்து, வாய்க்கால் தண்ணீரில் மிளகாய் நட்டு, கல்வீடு கட்டினார். 1977க்குப் பிறகு இறக்குமதி திறக்க அந்தக் காலம் முடிந்தது. ஆனால் ஊருக்கு அவர் கமக்காரராக அறிமுகமானவர் இல்லை. வற்றாப்பளை அம்மன் வைகாசிப் பொங்கலுக்கோ ஒட்டுசுட்டான் கோயில் திருவிழாவுக்கோ அன்னதானம் என்றால் அடுப்படியில் அவர்தான் நிற்பார். எத்தனை பேர் வருவார்கள் என்று கூட்டத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அரிசி அளப்பார். மிஞ்சவும் மாட்டாது, காணாமலும் போகாது. முகாமில் பொதுச் சமையல் நடந்தபோது, 77 வயதில், அகப்பையைப் பிடுங்கிக்கொண்டு நின்றவரும் அவர்தான். சிங்களம் நன்றாக வரும் என்பதால் அரிசி, விறகு கேட்டு வாங்கவும் அவரைத்தான் அனுப்புவார்கள். இவ்வளவையும் நேரில் பார்த்த நாங்கள், இது எங்கே பழகிய கை என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஏன் அவர் வாய் திறக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் நேவி என்ற சொல்லுக்குப் பிறகு வந்த அர்த்தம், சண்டையில் எங்கள் மேல் ஷெல் அடித்த படை என்பது. சண்டைக் காலம் முழுக்க, பென்சன் கச்சேரி (மாவட்டச் செயலகம்) மூலம் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் போய்க் கையெழுத்து வைத்து எடுத்துவருவார், அதைப் பற்றி வீட்டில் கதை இராது. 2009இல் மாத்தளனில் மாமியின் மூத்தவன் ஷெல்லில் போனான். அது கடலில் இருந்து வந்ததா தரையில் இருந்து வந்ததா என்று யாருக்கும் தெரியாது. பங்கருக்குள் மாமி தன் தகப்பனைப் பார்த்து, "உங்கட ஆக்கள்தானே ஐயா" என்று கேட்டார். ஒரு தரம்தான் கேட்டார். நானும் அங்கே இருந்தேன், சின்னப் பிள்ளை. அப்பப்பா பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கடற்படை பற்றி அவர் எதுவும் கதைத்ததாக எனக்கு நினைவில்லை.

அதனால் கல்வெட்டின் அட்டையில் சித்தப்பா அந்த வெள்ளை உடுப்புப் படத்தைப் போடச் சொன்னபோது மாமி புத்தகத்தையே தொட மாட்டேன் என்றார். சித்தப்பா 30 வருடத்துக்கு முன் பெருமையோடு கொண்டுபோன படம் அது. மாமிக்கு அது வேறு. இரண்டு பக்கமும் என்னிடம்தான் கத்தினார்கள். நான் வேட்டி சால்வையோடு இருக்கிற படத்தை அட்டைக்குப் போட்டேன். உடுப்புப் படம் புத்தகத்தில் எங்கும் இல்லை. தொழில் என்ற இடத்தில் "கடற்படையில் சமையற் பிரிவில் 22 ஆண்டுகள்" என்று ஒரே ஒரு வரி. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன், எனக்கு அந்தப் படம் பிடித்திருந்தும். புத்தகத்தைக் கையில் வாங்கப்போகிறவர் மாமி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படமோ ஒரு கதையோ இருந்தால் அச்சகத்துக்குப் போகும் முன் உரியவரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போட்டு வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

31 முடிந்ததும் அப்பம்மாவுக்கு வரவேண்டிய விதவைகள் ஓய்வூதிய வேலையைத் தொடங்கினேன். பிரதேச செயலகத்தில் இருந்த கோவை முகாமுக்குப் பிறகு புதிதாகத் திறந்தது, அதில் பென்சன் இலக்கம் மட்டும்தான். படைத்தரப்பு ஆவணத்துக்கு அவருடைய கடற்படைச் சேவை இலக்கம் வேண்டும் என்றார்கள். அது இருந்த கடதாசி எல்லாம் மாத்தளன் மண்ணுக்குள். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், கொழும்பில் தனக்கு உள்ளுக்குள் ஆள் இருக்கிறது, பெயரை வைத்தே எடுத்துத் தருகிறேன் என்று 25,000 ரூபாய் வாங்கினார். முதலில் "இன்னும் ரெண்டு கிழமை" என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. அந்தக் காசு போனது போனதுதான். இப்படியான ஆவணத்துக்கு இடைத்தரகர் தேவையே இல்லை. உறவுமுறையைக் காட்டும் பத்திரங்களின் பிரதியோடு, பதிவுத் தபாலில் நேராக எழுதலாம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இலக்கம் கடைசியில் கிடைத்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பின்னேரம் படிவங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நான் புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். "என்னடி நம்பர் தேடுறாய்?" என்றார் அப்பம்மா. சொன்னேன். மூச்சு விடாமல் ஒப்புவித்தார். கப்பலுக்குக் கடிதம் போட்டால் பெயர் மட்டும் போதாதாம்; இலக்கம், பதவி, பெயர், கப்பல், திருகோணமலை என்று ஒழுங்காக எழுதினால்தான் போய்ச் சேருமாம். கலியாணம் முடித்த புதிதில் அவருக்கு இங்கிலிஸ் எழுத்துப் பழக்கியதே அப்பப்பாதான், இந்த முகவரி எழுதுவதற்காக. பதினான்கு வருடம் எழுதிய கையாம். எழுதித் தரச் சொன்னேன். கை நடுங்க எழுதினார், ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அந்த இலக்கத்தைப் போட்டு எழுதிய கடிதத்துக்குத்தான் முதன்முதலாக ஒழுங்கான பதில் வந்தது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மிச்சம் எல்லாம் வரிசையில் நிற்கிற வேலைதான். விவாகப் பதிவுப் பத்திரம் தொலைந்திருந்தால் பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி சுலபம். தெரியாவிட்டால் எந்தக் காலப்பகுதியில் தேட வேண்டும் என்று போட்டு விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் "ஆவணி 1960" என்ற அப்பம்மாவின் நினைவுதான் உதவியது. தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் வேகம் வேண்டுமென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துச் சிங்களப் பிரதியும் இணைத்துவிடுங்கள். உரிமைக்காகச் சண்டை பிடிக்கிறவர்கள் பிடிக்கட்டும், 83 வயது மனுசிக்குக் காத்திருக்க நேரமில்லை. வாயால் சொல்கிற பதிலை நம்பி வீட்டுக்குத் திரும்பாதீர்கள். என்ன குறை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விண்ணப்பம் எங்கே கிடக்கிறது என்று மாதக்கணக்கில் யாரும் சொல்லாதபோது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் போன பிறகு கோவை நகர்ந்த வேகத்தைப் பார்த்து, இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்று எரிச்சல் வந்தது. இன்னொன்று, பழைய பத்திரம் எதையும் லமினேட் செய்யாதீர்கள். பொலித்தீன் உறையில் வையுங்கள், போனில் படமெடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

நிலுவையோடு பென்சன் வந்தது, மேலதிகமாக எடுத்த ஒரு மாதத்தைக் கழித்துக்கொண்டு. மறுஅச்சு, தரகர், மொழிபெயர்ப்பு, சத்தியக்கடதாசி, பஸ், வெட்டுப்பட்ட சம்பளம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் எழுபதாயிரத்தை எட்டும். உண்மையில் தேவைப்பட்ட செலவு ஏழெட்டு ஆயிரம்தான். மிச்சமெல்லாம் வீட்டில் ஒரு ஆளிடம் கேட்காமல் விட்டதற்கான விலை.

இப்போது அப்பம்மாவின் கோவையைத் தொடங்கியிருக்கிறேன். பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை, அனுமான வயது அத்தாட்சிப் பத்திரத்துக்கு எழுதியிருக்கிறோம். பெயர் வித்தியாசத்துக்கான சத்தியக்கடதாசியில் அவரே கையெழுத்து வைத்துவிட்டார். தன்னுடைய கல்வெட்டுக்கு விவரமும் அவரே சொல்லி என்னை எழுத வைக்கிறார். மருமக்களின் பெயர் வரிசை முடிந்துவிட்டது. பிள்ளைகள் வரிசையில் மட்டும் மூத்த பொம்பிளைப் பிள்ளையின் பெயர் சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் வரவேண்டும் என்று நிற்கிறார், சித்தப்பா அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.